டிலனா, டிலானா, டைலனா?

பிள்ளை ஆயில்யத்தில் பிறந்தால் பெயர் தேடுகிறவர்களுக்குத் தலையிடிதான். பஞ்சாங்கம் கொடுக்கிற எழுத்து டி, டு, டே, டோ. தமிழில் ட சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆகவே நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும் என்று நின்றால் கிடைக்காது. டிலக்சன், டிலுக்சன், டினோஜன் என்று ஒலியைத் தட்டிக்கொட்டிச் செய்த பெயர்கள்தான் மிஞ்சும். பூரத்துக்காரருக்கும் கிட்டத்தட்ட இதே பாடு: மோ, ட, டி, டு. (வடமொழியில் ஆயில்யத்தின் டி வேறு, பூரத்தின் டி வேறு. ஒன்று மெல்ல அதிரும், மற்றது வல்லென்று விழும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சாத்திரியாரிடம் இதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.)

இந்த வரிசையில் வந்து நிற்கிற ஒரு பெயர் டிலன். பொருள் தேடினால் பெயர்ப் பட்டியல்கள் ‘கடலின் மகன்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். அது பாதிதான் சரி.

பெயர் வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷினுடையது. பொதுவாகச் சொல்லப்படும் விளக்கப்படி அதற்குள் இருக்கிற சொல் ‘லன்வ்’. பாடசாலைப் புவியியலில் வற்றுப்பெருக்கு என்று படித்தோமே, அதில் வற்றை விட்டுவிட்டுப் பெருக்கை மட்டும் எடுத்தால் அதுதான் லன்வ்: கடல் ஏறி வருவது. முன்னால் நிற்கிற ‘ட’ மிகுதியைக் காட்டும் முன்னொட்டு. தனியே நிற்கும்போது லன்வின் முதல் எழுத்து, நாக்கின் ஓரத்தால் காற்றை ஊதிச் சொல்கிற ஒரு கரகரத்த லகரம். முன்னொட்டுச் சேர்ந்ததும் அது நம்முடைய சாதாரண ல ஆக மெலிந்துவிடும். நம்முடைய புணர்ச்சி மாதிரித்தான். செல்வாக்குக்கு வெல்ஷில் ‘டலன்வட்’ என்பார்கள். அதற்குள்ளும் இதே பெருக்குத்தான் ஓடுகிறது.

காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் இந்தப் பொருளின் கனம் விளங்காது. கொழும்பில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீற்றர்கூட இல்லை. வடமேற்கு வேல்ஸ் கரையில் அது பல மீற்றர். காலையில் நடந்து போன மணல் பின்னேரம் ஆழக் கடலாக இருக்கும். அந்தக் கரையில் பிறந்த பெயர் இது.

‘மகன்’ வருவது பெயரிலிருந்து அல்ல, அடைமொழியிலிருந்து. பழைய வெல்ஷ் கதை ஒன்றில் இந்தப் பெயர்க்காரன் ‘டலன் எய்ல் ரொன்’ (வெல்ஷில் டிலனை டலன் என்பார்கள்). ரொன் என்றால் அலை. எய்ல் என்பதற்கு வழித்தோன்றல் என்றும் இரண்டாவது என்றும் பொருள் கொள்ளலாம். ஆகவே அலையின் மகன், அல்லது இன்னொரு அலை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அந்தக் கதை மபினோகி என்ற வெல்ஷ் கதைத்தொகுதியின் நான்காம் கிளையில் வருகிறது. நம்மிடம் இருக்கிற முழுப் பிரதிகள் 14ஆம் நூற்றாண்டிலும் அதை ஒட்டியும் எழுதப்பட்டவை, கதை அதைவிடப் பழையது. குவினெத் நாட்டு அரசன் மாத், அரியன்ரோட் என்ற பெண் கன்னிதானா என்று அறிய அவளைத் தன் மந்திரக்கோலைத் தாண்டச் சொல்கிறான். தாண்டியதும் அடர்ந்த மஞ்சள் முடியோடு ஓர் ஆண் குழந்தை விழுகிறது. மாத் அதற்கு டலன் என்று பெயர் வைக்கிறான். பெயர் வைத்த கையோடு குழந்தை கடலுக்குப் போய்விடுகிறது. கடலின் இயல்பு அதற்கு வந்துவிடுகிறது, மீனைப் போல நீந்துகிறது, எந்த அலையும் அவன் கீழே உடைந்ததில்லை. பிறகு ஒரே வரியில் சாவு: தாய்மாமன் கொவன்னொன் அடித்த அடியில் இறக்கிறான். அவ்வளவுதான். போரும் இல்லை, வீரச் செயலும் இல்லை. ‘பெரும் வீரனின் பெயர்’, ‘கடல் தெய்வத்தின் பெயர்’ என்று எழுதுகிறவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது அது. மூலத்தில் அவன் தெய்வம் என்று எங்கும் இல்லை. தாய்மாமன் கையால் சாவு என்பது நம் வீடுகளில் ஒருமாதிரிப் படும், ஆகையால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

கிளனொக் வவுர் என்ற ஊருக்கு அருகே கடற்கரையில் ‘மைன் டலன்’, அதாவது டலன் கல், என்ற ஒரு பெரிய பாறை இன்றும் இருக்கிறது. ‘கறுப்புப் புத்தகம்’ என்ற 13ஆம் நூற்றாண்டு வெல்ஷ் கையெழுத்துப் பிரதியில் உள்ள கல்லறைப் பாடல்களும் அந்தப் பக்கத்தைத்தான் அவன் புதைகுழி என்று காட்டுகின்றன, அலை ஓசையிடும் இடமாக.

இவ்வளவு பழைய பெயர், ஆனால் பிள்ளைகளுக்கு வைக்கிற பழக்கம் புதிது. 1914 ஒக்டோபர் 27இல் சுவான்சியில் பிறந்த கவிஞர் டிலன் தோமஸுக்கு, ஆங்கில ஆசிரியரான தகப்பன் கதையிலிருந்து எடுத்து வைத்தபோது அது அபூர்வமான பெயர். சரியான வெல்ஷ் உச்சரிப்பில் வைத்தால் பிள்ளையை ‘மந்தன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் கேலி செய்வார்களே என்று தாய் கவலைப்பட்டாராம். கவிஞரும் டில்லன் என்ற ஆங்கில உச்சரிப்பையே விரும்பினார். 1962இல் ரொபர்ட் சிமர்மன் என்ற பாடகர் சட்டப்படி பொப் டிலன் ஆனார், 2016இல் இலக்கியத்துக்கான நொபெல் பரிசும் வாங்கினார். 1990இல் தொடங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகன் வழியாகப் பெயர் இன்னும் பரவியது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அது முதல் முப்பதுக்குள். இப்போது அங்கே பெண் பிள்ளைகளுக்கும் வைக்கிறார்கள்.

இனி எழுத்து. பிழைப்பது இங்கேதான்.

வேல்ஸில் வெல்ஷ் பேசுகிறவர் சொல்வது ‘டலன்’. முதல் அசையை, வாயை அகலத் திறக்காமல் ஒரு குறுகிய ‘அ’வாக, அழுத்திச் சொல்ல வேண்டும். உலகத்தின் மற்றப் பக்கமெல்லாம் டிலன். டைலன் எங்கும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டாவது எழுத்து வை என்பதால் டைனமோ என்ற பழக்கத்தில் வகுப்பு இடாப்பை வாசிக்கிறவர் டைலன் என்பார். அதைத் தவிர்க்கப் பலர் ஆங்கிலத்தில் வையை ஐ ஆக்கிவிடுகிறார்கள். அப்படி மாற்றியதும் பெயரே வேறாகிவிடுகிறது. ஐ போட்ட டிலான் இங்கே சிங்கள வீடுகளில் நிறைய உண்டு, துருக்கியிலும் குர்திஷ் மக்களிடமும் அது இதயம் என்ற சொல்லிலிருந்து வந்த பெண் பெயர். சிங்கள டிலானுக்கும் வெல்ஷ் டிலனுக்கும் உறவு இல்லை.

சிங்கள எழுத்திலும் இரண்டு வழி உண்டு: நாக்கை மடித்துச் சொல்கிற டயன்ன, பல்லைத் தொடுகிற தயன்ன. ஆங்கிலத்தில் ஐ இருந்தால் எழுதுகிறவர் கை தயன்னவுக்கும் நெடிலுக்கும் போய்விடும். அதைப் பார்த்துத் திரும்பத் தமிழில் எழுதினால் திலான். யாழ்ப்பாண வழக்கில் ஆங்கில ரி ஒலிக்கு ர எழுதுவதால் டி என்றால் ஐயமில்லாமல் அதிரும் ஒலிதான், இந்தப் பக்கம் தமிழில் குழப்பம் குறைவு.

எண் பார்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. இங்கே பெரும்பாலும் பார்க்கிற கல்தேய முறையில் டி 4, வை 1, எல் 3, ஏ 1, என் 5, கூட்டினால் 14. வைக்குப் பதில் ஐ போட்டாலும் அதற்கும் மதிப்பு 1தான், ஆகவே அதே 14. எண்ணுக்காக வையை மாற்றுவது வீண் வேலை. இன்னொரு ஏ சேர்த்தால் 15, இன்னொரு எல் சேர்த்தால் 17. 23 வேண்டும் என்று ஐ, இரண்டு எல், ஓ போட்டு டில்லொன் ஆக்கச் சொல்வார்கள். அது அயர்லாந்துக் குடும்பப் பெயர், கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இலங்கையில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். முப்பத்தொன்று கழித்துத்தான் பெயர் வைப்போம் என்கிற வீடுகளுக்கு மிஞ்சுவது 11 நாள். அதற்குள் முடிவாகாவிட்டால் பதிவை மட்டும் செய்துவிட்டுப் பெயரைப் பிறகு சேர்க்க வழி இருக்கிறது. அவசரத்தில் பிழையாக எழுதித் திருத்த அலைவதைவிட அது மேல். தகப்பன் பெயர் முன்னால் வரும் நம் வழக்கில் ‘செல்வராஜா டிலன்’ என்று பதிந்தால், வெளிநாட்டுப் படிவங்களில் பிள்ளை ‘திரு. டிலன்’ ஆகி, பள்ளியில் செல்வராஜா என்று கூப்பிடப்படும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எதைப் போடுவது என்று அப்போதே தீர்மானியுங்கள்.

பதிவாளரிடம் வாயால் சொல்லாதீர்கள். ஒரு துண்டில் தமிழில் டிலன் என்றும், சிங்களத்தில் டயன்ன போட்டு லகரத்தைக் குறிலாகவும், ஆங்கிலத்தில் வையோடு பெரிய எழுத்திலும் எழுதிக் கொடுங்கள். கையொப்பம் வைக்குமுன் அதே துண்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள், முக்கியமாக லகரத்துக்குப் பின்னால் யாராவது ஒரு கால் போட்டிருக்கிறார்களா என்று.