வெறும் வயிற்றில் 112, நாலு மணிக்கு 358

போகிக்கு முந்தின நாள் காலை அம்மா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. வாய் கோணியிருந்தது, இடது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று பதறி நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூருக்கு ஓடினோம். டாக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னார். இடப்பக்க நெற்றியில் ஒரு சுருக்கமும் விழவில்லை. கைகால் நன்றாக இருந்தன. பக்கவாதம் இல்லை, முக நரம்பு மட்டும் செயலிழக்கும் முகவாதம்தான், மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கிவிட வேண்டும் என்றார். பிரட்னிசலோன்: ஐந்து நாள் 60 மில்லிகிராம், அப்புறம் தினமும் பத்துப் பத்தாகக் குறைத்து, பத்தாம் நாளோடு நிறுத்தம்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்று சொன்னோம். “பார்த்துக்கொள்ளுங்கள்” என்றதோடு சரி. எந்த நேரத்தில் பார்ப்பது என்று நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பார்ப்பதென்றால் விடிந்ததும் வெறும் வயிற்றில்தான். ஒன்பது வருடப் பழக்கம். இரண்டாம் நாள் 108, மூன்றாம் நாள் 112. நிம்மதியாக இருந்தோம். ஆனால் அன்று மதியத்துக்கு மேல் அம்மா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், நடைக்கொரு தரம் பாத்ரூம் போனாள். நாலு மணிக்குக் குத்திப் பார்த்தேன். 358.

அன்றைக்குப் பொங்கல். மூன்று வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்திருந்தது, கூடத்து மூலையில் கரும்புக் கட்டு. ஆலை ஊரில் கரும்புக்கா பஞ்சம்? வெல்ல டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். “ஒரு வாய்கூட வைக்கலடி” என்று கோணிய வாயோடு அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. மறுநாள் காலை 115, மாலை 341. பகலில் யாருக்கும் தெரியாமல் தின்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

குத்திப் பார்க்கும் பட்டை தீர்ந்து மருந்துக்கடைக்குப் போனதால் தப்பித்தோம். கடைக்கார அண்ணன், “புதுசா என்ன மாத்திரை ஓடுது?” என்று கேட்டார். சொன்னேன். “அது ஸ்டீராய்டும்மா, சர்க்கரையை ஏத்தும். நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட பேசுங்க” என்றார்.

ஐந்தாம் நாள் புதுச்சேரியில் சர்க்கரை டாக்டரிடம் போனோம். ஸ்டீராய்டு கல்லீரலைக் கூடுதலாகச் சர்க்கரை விடச் செய்யுமாம், இன்சுலினுக்கு உடம்பு மசியாமலும் செய்யுமாம். காலையில் விழுங்கும் பிரட்னிசலோன் மதியத்துக்கு மேல் முழு வேகத்தில் வேலை செய்துவிட்டு இரவில் அடங்கிவிடும். அதனால்தான் விடிகாலை எண் நல்லபிள்ளையாக இருந்திருக்கிறது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

எல்லா மாத்திரைகளையும் மேசைமேல் கொட்டச் சொன்னார். கொழுப்புக்கான அடோர்வாஸ்டாடினும் சர்க்கரையைத் துளி ஏற்றலாம், ஆனால் இதயத்துக்கு அதனால் கிடைக்கும் நன்மை பெரிது, விடக் கூடாது என்றார். பிரஷருக்கான மெட்டோபுரொலாலை மட்டும் தனியே எடுத்து வைத்தார். சர்க்கரை தாழ்ந்தால் வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் அது மறைத்துவிடுமாம். “வியர்த்தால் உடனே குத்திப் பாருங்கள்” என்றார்.

காலையில் மட்டும் ஓர் ஊசி, பால்போல் கலங்கிய இன்சுலின். ஸ்டீராய்டு குறையக் குறைய அதையும் குறைக்க வேண்டும். எந்த நாளுக்கு எத்தனை யூனிட் என்று கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தார். (அந்த அளவை இங்கே எழுதவில்லை. அது அம்மாவுக்கான கணக்கு.) ஆறாம் நாளிலிருந்து மாலை எண் 200-ஐ ஒட்டி வந்தது.

ஒன்பதாம் நாள் நான் சொதப்பினேன். மாத்திரை இருபதுக்கு இறங்கிவிட்டது, ஊசியை முந்தின நாள் அளவிலேயே போட்டுவிட்டேன். மூன்று மணிக்கு அம்மா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நடுக்கம் இல்லை, மயக்கம் இல்லை. ஜாக்கெட் முதுகு மட்டும் நனைந்திருந்தது. தை மாதத்தில் என்ன வியர்வை? குத்தினேன், 61. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் 94.

பதினான்காம் நாள், ஊசியும் நின்றபிறகு, மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து 168. வாய் நேராகிக்கொண்டிருந்தது. கண் முழுசாக மூட இன்னும் மூன்று வாரம் ஆனது. மீட்டரை அம்மாவிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

“பரண்மேல இருக்கற டப்பாவ எறக்குடி மொதல்ல.”