செம்மறிகளுக்கு வழிகாட்டும் கருப்பி

மேச்சேரிக்கு அருகே எங்கள் மானாவாரிக் காட்டில் மேயும் 30 செம்மறிகளுக்கும் இன்று வழிகாட்டுவது, கறிக்கென்று அப்பா சந்தையில் வாங்கிவந்த சேலம் கருப்பு வெள்ளாடு ஒன்றுதான். முன்னே செல்லும் ஆட்டின் வாலைப் பார்த்தே நடக்கும் மேச்சேரிச் செம்மறிகள், ஓடையில் நீரைக் கண்டால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். நெட்டைக்கால் கருப்பியோ வேலமர நெற்றுக்கு ஆசைப்பட்டு ஒருநாள் அக்கரைக்குத் தாவ, அதன் கழுத்து மணியோசையைத் தொடர்ந்து மந்தை முழுவதும் நீரில் இறங்கியது. வெள்ளாடு கிளைகளை நாடித் தலைநிமிர்ந்து துணிவாக அலையும். செம்மறி தரைப்புல்லில் முகம் புதைத்து, கூட்டத்தைவிட்டுப் பிரியாது. அப்பா இப்போது கறிப்பேச்சையே எடுப்பதில்லை. காலையில் பட்டிப் படலைத் திறந்ததும் முதலில் வெளியே நீள்பவை கருப்பியின் கொம்புகள்தாம்; சென்ற வாரம் அது மந்தையை என் வெண்டைப் பாத்திக்கும் அழைத்துச் சென்றது.