ஆட்டாங்கல் காலத்து சந்தோஷம்

கோவையில் கிரைண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவனுக்கு தத்துவம் கேட்க வேறு எங்கேயும் போக வேண்டியதில்லை. காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) எரிந்த மோட்டாரை மேஜையில் இறக்கி வைத்த கையோடு பாதிப் பேர் ஆரம்பித்துவிடுவார்கள். "என்ன இருந்தாலும் அந்தக் காலம் மாதிரி வருமாங்க? ஆட்டாங்கல்லுல ஆட்டுன மாவு ருசியே தனி. மிஷின் வந்துச்சு, நிம்மதி போச்சு." சொல்கிறவர் பெரும்பாலும் ஆண், ஐம்பதைத் தாண்டியவர். கூட வந்த வீட்டம்மா அந்த நேரத்தில் மோட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பேச்சு என் கடையில் பிறந்ததில்லை. கலையும் அறிவியலும் வளர்ந்து மனிதன் கெட்டுத்தான் போனான் என்று எழுதி, 1750-லேயே பிரான்சில் ரூசோ என்ற தத்துவ அறிஞர் பரிசு வாங்கியிருக்கிறார். நாகரிகம் சந்தோஷத்தைக் குறைத்துவிட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்த நாகரிகம் கிரைண்டர்தான். அதை வைத்துப் பேசுகிறேன்.

நான் வளர்ந்தது பல்லடம் பக்கம். அன்றாடம் கம்மஞ்சோறு, இல்லாவிட்டால் ராகிக் களி. இட்லி என்றால் தீபாவளி, பொங்கல், ஊர் நோம்பி, அப்புறம் யாராவது விருந்தாளி வந்தால். முந்தின நாள் ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அம்மா ஆட்டாங்கல் முன்னால் உட்காருவார். ஒரு காலை நீட்டிக்கொண்டு, வலது கையால் குழவியைச் சுற்றுவார். இடது கை ஓரத்தில் ஏறும் மாவைத் தள்ளிக் குழிக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு கைக்கும் தாளம் தப்பினால் விரல் நசுங்கும். அரிசி தனி, உளுந்து தனி. உளுந்துக்குத் தண்ணீரை மொண்டு ஊற்றக் கூடாது. தெளித்துத் தெளித்துத்தான் பொங்க வைக்க வேண்டும். ஒரு பொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டு, மிதந்தால்தான் எழுந்திருப்பார். காலையில் அடுப்பு மூட்டுவதும் அவர்தான். துணியில் ஒட்டிப் பிய்ந்த இட்லி கடைசியில் அவர் தட்டுக்கு வரும்.

அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவது எனக்கு சொர்க்கம். விடிந்தால் இட்லி! அதனால் கடைக்கு வருகிறவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சொல்வது தின்றவரின் கணக்கு, அவ்வளவுதான். ஆட்டினவரின் கணக்கு வேறு. அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், அந்தக் காலம் சந்தோஷமாக இருந்ததா என்று. "சந்தோஷமாத்தான் இருந்துச்சு கண்ணு. தோள்பட்டைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார்.

எங்கள் ஊர் சபாபதி என்பவர் 1955-ல் செய்ததுதான் முதல் வெட் கிரைண்டர் என்பார்கள். ஆட்டாங்கல்லில் குழி அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் டிரம் சுற்றும், குழவி நின்ற இடத்திலேயே உருளும். இப்படித் திருப்பிப் போடத் தோன்றியதே பெரிய மூளை. எங்கள் தெருவில் முதல் கிரைண்டர் வந்த வீட்டுக்கு மற்றவர்கள் ஊறப்போட்ட அரிசியோடு போய் நிற்பார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா நடையே மாறிப்போயிருந்தது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது, அந்தப் பெருமை காணாமல் போனது. இட்லியும் தினப்படி ஆனது. இன்று என் மகள் இட்லியைப் பார்த்து "மறுபடியுமா?" என்கிறாள்.

இந்த இடத்தில் கடைக்கு வருகிறவர்கள் பக்கம் நான் சாய்ந்துவிடுகிறேன். இட்லிக்குள் இருந்த தீபாவளியை கிரைண்டர் எடுத்துக்கொண்டது உண்மை. ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1974-ல் இதையே நாட்டளவில் பார்த்துச் சொன்னார்: ஒரு நாட்டுக்குள் பணக்காரர் ஏழையைவிட சந்தோஷமாக இருப்பதாகச் சொல்கிறார், ஆனால் நாடு முழுவதும் பணக்கார நாடாக ஆனபோது சந்தோஷம் அதற்கேற்ப ஏறவில்லை. இதை மறுத்துப் பின்னால் வந்தவர்களும் உண்டு. பெரியம்மாவின் நடையைப் பார்த்த எனக்கு ஈஸ்டர்லின் சொல்வது பிடிபடுகிறது. 2011 செப்டம்பர் 15-ல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் என்று அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு கிரைண்டரை வைத்து யாரும் பெருமை பேச முடியாது.

பெருமை போனதால் பொருள் வேண்டாம் என்று ஆகிவிடுமா? 2012 மின்வெட்டு கோவைக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. பின்கட்டில் ஆட்டாங்கல் இருந்த வீடுகள் அப்போதும் நிறைய. யாராவது அதில் உட்கார்ந்தார்களா? எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து கிரைண்டரைப் போட்டார்கள். நடுச்சாமத்தில் தெரு முழுக்க மோட்டார் சத்தம். தூக்கத்தை விட்டார்களே தவிர, மிஷினை விடவில்லை. கருத்துக்கணிப்பு எடுக்கிறவர்கள் அந்த நேரத்தில் எங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.

அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். மாமாவைத் திருத்தியே தீருவது என்று வாட்ஸ்அப்பில் கட்டுரைகளாக அனுப்புவான். அதில் ஒன்று ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடியும் பொறுக்கித் தின்றும் வாழ்ந்த குங் மக்களைப் பற்றியது. 1960-களில் ரிச்சர்ட் லீ என்ற மானுடவியலாளர் அவர்களோடு தங்கிக் கணக்கெடுத்தார். உணவு தேட ஆண், பெண் சராசரியாக ஆளுக்கு வாரம் சுமார் 17 மணி நேரம்தான் ஆனது. அந்தக் கணக்கைக் கேள்விப்பட்ட மார்ஷல் சாலின்ஸ் என்ற இன்னொரு மானுடவியலாளர், வேட்டையாடித் திரிந்தவர்கள்தான் ஆதியில் வளமாக வாழ்ந்தவர்கள் என்று எழுத, நாம்தான் விவசாயம், ஆபீஸ் என்று கெட்டுப்போனோம் என்ற பேச்சு பரவிவிட்டது.

நான் தேடிப் படித்தது அடுத்த கணக்கை. சமையல், தண்ணீர், விறகு, கருவி செய்வது எல்லாவற்றையும் லீ பிற்பாடு சேர்த்தார். பெண்களுக்கு 12.6 மணியாக இருந்தது 40.1 மணி ஆகிவிட்டது! அவர்கள் அப்போது முக்கியமாகத் தின்றது மொங்கோங்கோ என்ற கொட்டை. ஓடு கல் மாதிரி. கல்லின் மேல் வைத்துக் கல்லால் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். பொறுக்கி வருவது வேலை, உட்கார்ந்து உடைப்பது வேலையில்லை என்று முதல் கணக்கில் விட்டிருக்கிறார்கள். பல்லடம் என்ன, கலஹாரி என்ன, கல் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கணக்கில் வருவதில்லை.

அந்த மக்களிடையே ஐந்து குழந்தைகளில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. நாமும் ரொம்ப தூரத்தில் இல்லை. 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் போய்விட்டன. இப்போது முப்பதுக்கும் கீழே. என் பாட்டி பறிகொடுத்த குழந்தைகளின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். மாவின் ருசி பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

ஆனால் கிரைண்டர் மிச்சம் பிடித்த நேரம் எங்கே போனது என்பது நியாயமான கேள்விதான். அம்மாவுக்கு அது கொஞ்ச காலம் திண்ணைப் பேச்சாகக் கிடைத்தது. என் மனைவிக்கு அதுவும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்துதான் மாவு ஆட்டுவார். நேரத்தை மிஷின் கொடுத்தது, கம்பெனி வாங்கிக்கொண்டது. பதிலுக்குச் சம்பளம் வந்தது, அதை இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனாலும் அவர் கண்ணில் தெரியும் களைப்பு, அம்மாவின் தோள்வலியைவிடக் குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

புதுக் கிரைண்டர் விசாரிக்க வரும் ஆண்கள் எத்தனை வாட், எத்தனை வருஷம் வாரண்டி என்று கேட்பார்கள். பெண்கள் கேட்பது ஒன்றுதான்: "கழுவ சுலபமா இருக்குமா?" ஆட்டுவது போய்விட்டது, கழுவுவது போகவில்லை. டேபிள் டாப் மாடல் இவ்வளவு விற்பதே டிரம்மைக் கழற்றிக் கழுவலாம் என்பதால்தான்.

எங்கள் வீட்டில் இப்போது அது என் வேலை. இதைப் படிக்கும் ஆண்களுக்குத் தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். மாவை வழித்ததும் காயவிடாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரை மாவிலேயே சேர்த்துவிடுங்கள். அப்புறம் டிரம்மையும் கல்லையும் கழுவுங்கள். நடுத்தண்டைச் சுற்றிப் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது முக்கியம். அங்கே உளுந்து மாவு இறுகினால் பேரிங் போகும், பேரிங் போனால் காயில் எரியும், அப்புறம் என் கடைக்குத்தான் வர வேண்டியிருக்கும்.