பேண்ட் வந்துடுச்சு மேம்!

எம்எஸ்சி பயோடெக், மைக்ரோபயாலஜி பசங்க கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு எங்க லேபுக்கு வர்ற சீசன் ஆரம்பிச்சாச்சு. பாதிப்பேர் தருமபுரி, கடலூர், திருவண்ணாமலை பக்கம், வீட்டுலயே முதல்முதலா காலேஜ் வாசல மிதிச்ச பசங்க. வந்ததும் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்குற பிசிஆர் எப்ப மேம், செல்லை லேப்ல வளர்க்குற செல் கல்ச்சர் எப்ப மேம்னு கேப்பாங்க, நான் திரவத்தைத் துல்லியமா அளந்து எடுக்குற பைப்பெட்டைக் கையில குடுத்து தராசு முன்னாடி உக்கார வச்சுடுவேன்.

100 மைக்ரோலிட்டர் தண்ணி எடுத்து தராசுல விடணும், 0.1 கிராம் காட்டணும், அவ்ளோதான். ஆனா முதல் நாள் யாருக்கும் ஒரே நம்பர் ரெண்டு தடவை வராது. பட்டனை, அளவு சரியா இருக்குற முதல் ஸ்டாப்போட நிறுத்தாம ரெண்டாவது ஸ்டாப் வரைக்கும் அழுத்தி உறிஞ்சிடுவாங்க, இல்லன்னா கட்டைவிரல பட்டுனு விட்டுருவாங்க, முனையில மாட்டுற டிப்புக்குள்ள காத்து ஏறிடும். சாயங்காலத்துக்குள்ள கை தானா படிஞ்சிடும், அப்ப அவங்க முகத்துல வர்ற தெளிவு இருக்கே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதை ஏன் இவ்ளோ பிடிவாதமா சொல்றேன்னா, காசு கட்டி ப்ராஜெக்ட் பண்ற வழக்கம் நம்மகிட்ட வேரூன்றிப் போச்சு. வெளியில ஏதோ ஒரு இடத்துல ஆயிரக்கணக்குல கட்டி, வேற யாரோ பண்ணின வேலைய தள்ளி நின்னு பாத்து, ரெடிமேடா வர்ற ரிப்போர்ட்டை பைண்ட் பண்ணிக்கிட்டு வந்துடறாங்க. பசங்க மேல தப்பில்ல, காலேஜ்ல கெமிக்கலுக்குக் காசில்ல, வேற வழி காட்டவும் ஆளில்ல. ஆனா அப்பா அம்மா கடன் வாங்கிக் கட்டின காசுக்கு பிள்ளை பைப்பெட்டைத் தொடக்கூட இல்லன்னா எனக்கு வயிறு எரியுது.

போன பேட்ச்ல ஒரு பொண்ணு, ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத பாக்டீரியால ஒரு ஜீனைத் தேடிட்டு இருந்தா. பிசிஆர்ல பெருக்கின டிஎன்ஏவை ஜெல்ல ஓட்டினா, தேடுற ஜீன் இருந்தா ஒரு கோடு மாதிரி பேண்ட் தெரியும். ஒருநாள் ஜெல் போட்டோவை எடுத்துட்டு ஓடி வந்தா, "பேண்ட் வந்துடுச்சு மேம்!" நான் "கன்ட்ரோல் லேன் எதும்மா?"ன்னு கேட்டேன். விரல் வச்சுக் காட்டினா. டிஎன்ஏவே சேர்க்காத, எதுவும் வரவே கூடாத அந்த லேன்லயும் அதே உயரத்துல பேண்ட். அப்ப எங்கேயோ வெளி டிஎன்ஏ கலந்திருக்குன்னு அர்த்தம். புள்ளைக்கு முகம் செத்துப்போச்சு. இந்த இடத்துலதான் கைடு வாயை அடக்கணும்னு நான் நினைக்கிறேன், யார் பண்ணதுன்னு விசாரணை வைக்கக் கூடாது, பதிலையும் நாமளே சொல்லிடக் கூடாது. "சரி, அடுத்து என்ன பண்ணலாம் சொல்லு"ன்னேன். ஒவ்வொரு தடவையும் பிசிஆர்ல சேர்க்குறதுல ஒரே ஒரு பொருளை மட்டும் மாத்தி ஓட்டிப் பாத்தா, ப்ரைமர், மாஸ்டர் மிக்ஸ், தண்ணின்னு. கடைசில எல்லாரும் பொதுவா எடுக்குற தண்ணி ட்யூப்லதான் கோளாறு. இனிமே ஆளுக்கொரு சின்ன ட்யூப்னு ஃப்ரீசர் கதவுல அவளே எழுதி ஒட்டினா, பிஎச்டி சீனியருங்ககூட அதைத்தான் ஃபாலோ பண்றாங்க. ஜீன் கிடைச்சிருந்தாக்கூட இவ்ளோ கத்துருப்பாளான்னு தெரியல.

நம்ம ஊர்ல இதுக்குப் பெரிய முன்னோடியே இருக்காரு. இயற்பியல் விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன் 1952-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு வந்து டிபார்ட்மென்ட் ஆரம்பிக்கும்போது வயசு 30 கூட தாண்டல. 1954-ல கோபிநாத் கர்த்தாவும் அவரும் தோல், எலும்புல இருக்குற கொலாஜன்ங்கிற புரோட்டீனோட ட்ரிபிள் ஹெலிக்ஸ், அதாவது மூணு இழை முறுக்கின அமைப்பை வெளியிட்டாங்க. புரோட்டீன் செயின் எந்தக் கோணத்துல வளையலாம், எந்தக் கோணத்துல அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும்னு 1963-ல வந்த பேப்பர்ல அவர்கூட சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் பேரும் இருக்கு. டெஸ்க் கால்குலேட்டர வச்சு உக்காந்து போட்ட கணக்கு அது. இன்னிக்கும் உலகத்துல எந்த லேப் புரோட்டீன் ஸ்ட்ரக்சர் போட்டாலும் அந்தக் கோணங்களோட வரைபடமான ராமச்சந்திரன் ப்ளாட்ல சரிபாக்காம விடமாட்டாங்க. இளசுங்க கையில நிஜமான கேள்வியக் குடுத்தா என்ன வரும்னு இதை விட நான் என்ன சொல்ல.

காசு கட்டாம லேப் அனுபவம் வேணும்னா மூணு அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்துற சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப் இருக்கு, ரெண்டு மாசம், அவங்களே ஸ்டைபென்ட் குடுப்பாங்க, வழக்கமா வருஷக் கடைசியில அப்ளை பண்ணணும். தயவுசெஞ்சு காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விடுங்க. நேரா லேபுக்கு மெயில் போடறவங்க, ஒரே மெயிலை அம்பது பேருக்குத் தட்டி விடாதீங்க. அந்த லேபோட ஒரு பேப்பரை எடுத்து, அதுல ஒரு படத்தை மட்டும் நல்லா பாத்து, உங்களுக்குப் புரியாத ஒரு விஷயத்தைக் கேளுங்க. இங்கிலீஷ் தடுமாறினா பரவால்ல, எனக்குத் தமிழ்ல எழுதினாலும் நான் பதில் போடுவேன்.