தீப்பெட்டிச் சுவரும் தையல் நூலும்: கேடயத்தோடு மூன்று ஞாயிறுகள்

எங்கள் வீட்டு மேசையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள். ஆட்டத்தை நடத்துவது நான். சண்டை என்றதும் எல்லோரும் எதிரியை நோக்கி ஓடிப்போய் நின்றுவிடுவார்கள். தூண், சுவர், கவிழ்ந்த வண்டி என்று நான் எவ்வளவு வர்ணித்தாலும் யாரும் அதன் பின்னால் போனதில்லை. இதை மாற்றியே ஆக வேண்டும் என்று மூன்று ஞாயிறுகளை ஒதுக்கினேன்.

முதல் ஞாயிறு கணக்கிலேயே போனது. சங்கிலிக் கவசம் போட்ட வீரனின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவன்மேல் அடி பட எதிரி எட்ட வேண்டிய எண், 16. கோப்ளின் என்னும் குட்டிப் பூத எதிரி அம்பு விட்டால் இருபது முகப் பகடையில் விழுவதோடு 4 கூட்ட வேண்டும். ஆக நூற்றுக்கு 45 அம்புகள் படும். கேடயம் ஏந்தினால் 2 கூடும், 35தான் படும். அதே வீரன் அரை மறைப்பில், அதாவது உடலில் பாதியைத் தடுப்பு மறைக்கும்படி, நின்றால் மேலும் 2, படுவது 25. முக்கால் மறைப்பு என்றால் 2க்குப் பதில் 5. படுவது வெறும் 10. கேடயமும் மறைப்பும் ஒன்றோடொன்று கூடும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இரண்டு புள்ளிதானே" என்று கேடயத்தைக் கைவிட்டு இருகை வாள் எடுத்திருந்த நண்பரிடம் தாளை நீட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஞாயிறு கட்டம் போட்ட அட்டையில் தீப்பெட்டிகளைச் சுவராக நிறுத்தினேன்; சதுரங்கச் சிப்பாய்கள் கோப்ளின்கள். தாக்குபவரின் கட்டத்தில் ஒரு மூலையைத் தேர்ந்து, அங்கிருந்து இலக்கின் நான்கு மூலைகளுக்கும் கோடு இழுக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ தடைபட்டால் அரை மறைப்பு. மூன்றோ நான்கோ தடைபட்டும் அம்பு போக வழியிருந்தால் முக்கால். கோட்டுக்குத் தையல் நூல். சிப்பாயின் மூலையில் நூலை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வில்லாளியின் கட்டத்துக்கு இழுத்தேன். இரண்டு முறை நூல் தீப்பெட்டியின் விளிம்பில் உரசி வளைந்தது. அவளுடைய ஆர்மர் கிளாஸ் 14இலிருந்து 16 ஆயிற்று. பகடையில் 11, கூட்டினால் 15. அம்பு தப்பியது! அந்த நிமிடத்திலிருந்து ஐந்து பேரும் தீப்பெட்டி தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒன்றை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். குறுக்கே நிற்கும் ஆளும் அரை மறைப்புதான், அவர் நம் கூட்டாளியாக இருந்தாலும். முன்னால் நிற்கும் வீரன் வில்லாளியைக் காப்பதுபோலவே, அவள் எய்யும் அம்பிலிருந்து கோப்ளினையும் காக்கிறான். இது தெரிந்த பிறகு அவர்கள் நேர்வரிசையை விட்டு ஒரு கட்டம் விலகி நிற்கக் கற்றுக்கொண்டார்கள். மறைப்பு எவ்வளவு என்பதைப் பகடை உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உருண்டபின் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

மூன்றாம் ஞாயிறு இதே வகையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பை எடுத்தோம். கேடயத்தை இவ்வளவு அக்கறையோடு நடத்தும் விதியை நான் வேறெங்கும் ஆடியதில்லை. கையில் வைத்திருந்தால் மட்டும் பயனில்லை. ஒரு முறைக்கு உள்ள மூன்று செயல்களில் ஒன்றைச் செலவிட்டு உயர்த்த வேண்டும். அதன்பின் அடி விழுந்தால் கேடயத்தைக் குறுக்கே கொடுக்கலாம். எஃகுக் கேடயம் 5 புள்ளியைத் தாங்கிக்கொள்ளும். மிச்சம் ஆளுக்கும் கேடயத்துக்கும் சேர்ந்தே விழும். கேடயத்துக்கு 20 புள்ளி உயிர். 10க்கு இறங்கினால் உடைந்துவிடும்.

இருகை வாள் நண்பர்தான் இம்முறை கேடயம் ஏந்தினார். முதல் அடி 9; கேடயம் 16. இரண்டாவது 7, கேடயம் 14. மூன்றாவது 11. கொடுப்பதா வேண்டாமா என்று பென்சிலைக் கடித்தபடி யோசித்தார். பின்னால் மருத்துவம் பார்ப்பவள் கிடந்தாள். தானும் சாய்ந்தால் அவளுக்கு யாருமில்லை. கொடுத்தார். கேடயம் 8, உடைந்தது. ஆள் நின்றார், அடுத்த வெட்டில் எதிரி விழுந்தான்.

செப்பனிடப் பத்து நிமிடம் வேண்டும் என்று புத்தகத்தைப் புரட்டிச் சொன்னார். கதவுக்கு அப்பால் காலடிச் சத்தம் கேட்கிறது என்றேன். அங்கேதான் நிறுத்தியிருக்கிறோம்.