பலகை எண்ணிலிருந்து தொடங்குவது: பழைய உலக இலக்கியத்துக்கு ஆதாரம் தேடும் அனுபவம்

"கில்காமேஷ் காப்பியம், பத்தாம் பலகை" என்ற அடிக்குறிப்போடு ஒரு மேற்கோள் கட்டுரைக்குக் கட்டுரை வந்துகொண்டே இருக்கும். களிமண் பலகைகளில் ஆப்பு வடிவ எழுத்தில் எழுதப்பட்ட பழைய பாபிலோனியக் காப்பியம் இது. நண்பன் செத்த துக்கத்தில் சாகாவரம் தேடி அலையும் அதன் நாயகன் கில்காமேஷிடம் மது விற்கும் பெண் சொல்வது: நீ தேடுகிற வாழ்வு உனக்குக் கிடைக்காது, வயிறு நிறையச் சாப்பிடு, ஆடிப் பாடு, உன் கையைப் பிடித்திருக்கும் பிள்ளையைப் பார். சரிபார்க்கலாம் என்று பத்தாம் பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தால் அந்தப் பேச்சு அதில் இல்லை. மொழிபெயர்த்தவர் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று இன்னொரு புத்தகத்தை எடுத்தால் அங்கே இருக்கும். குழப்பம் இரட்டிப்பாகும்.

காரணம் எளிது. பன்னிரண்டு பலகைகள் கொண்ட பிற்கால வடிவத்துக்கு முக்கிய ஆதாரம் பழைய அசிரிய நகரமான நினிவேயில் கிடைத்த, கி.மு. 7ஆம் நூற்றாண்டுப் படிகள், அதாவது கையால் எடுத்த பிரதிகள். மதுக்காரியின் பேச்சோ அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்த பழைய பாபிலோனியப் பலகை ஒன்றில் இருக்கிறது. அந்தப் பலகையும் உடைந்து இரண்டு நகரங்களில் கிடக்கிறது. பெர்லினில் உள்ள துண்டை 1902இல் மைஸ்னர் வெளியிட்டார். லண்டன் துண்டை 1964இல் மில்லர்ட் வெளியிட்டார். பழைய துண்டில் அவளுக்குப் பெயரே கிடையாது, வெறும் மதுக்காரிதான். சிதுரி என்ற பெயர் பிற்கால வடிவத்தில் வருவது. இரண்டையும் ஒட்டித் தைத்த மொழிபெயர்ப்பைப் படித்தவர்தான் "பத்தாம் பலகையில் சிதுரி சொல்கிறாள்" என்று எழுதுகிறார்.

இந்தத் துறையில் ஆதாரம் தேடும்போது முக்கால்வாசி நேரத்தைத் தின்பது இப்படிப்பட்ட முடிச்சுதான். பழைய நூல்களில் பலவற்றுக்குத் தலைப்பு நாம் வைத்தது. மொழிக்கு மொழி மாறும், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறும். அருங்காட்சியக எண் அவ்வளவு எளிதில் மாறாது. ஆகவே தலைப்பை வைத்துத் தேடுவதை முதல் அரை மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு எண்ணைப் பிடிப்பதுதான் என் வழக்கம்.

எண்ணை எங்கே பிடிப்பது? செம்பதிப்பில், அதாவது கிடைத்த படிகளையெல்லாம் ஒப்பிட்டு அறிஞர் தயாரித்த பதிப்பில். கில்காமேஷுக்கு ஆண்ட்ரூ ஜார்ஜ் 2003இல் கொண்டுவந்த இரண்டு தொகுதிப் பதிப்பு. அதில் ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் படிகளின் பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் அது எந்தப் படியிலிருந்து வருகிறது என்ற குறியீடு. மதுக்காரி பேச்சுக்கு அங்கே கிடைப்பது பிஎம் 96974 + விஏடி 4105, மூன்றாம் பத்தி (பலகையில் செங்குத்தாகப் பிரித்த வரிசை), முதல் 14 வரிகள். பிஎம் என்பது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், விஏடி என்பது பெர்லின் தொகுப்பு. நியாயமான அடிக்குறிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும். பத்தாம் பலகை என்று அல்ல. இந்த எண்ணைச் சிடிஎல்ஐ என்ற ஆப்பெழுத்துத் தரவுத்தளத்தில் போட்டால் பலகைக்கான பதிவும், அது எங்கெங்கே வெளியாகியிருக்கிறது என்ற குறிப்பும் வரும். பல பலகைகளுக்குப் படமும் உண்டு. அதே எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு அறிஞர் கட்டுரைத் தேடலில் தேடினால் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியக் கட்டுரைகளும் சேர்ந்தே விழும். எண்ணுக்கு மொழி இல்லை.

இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. வெள்ளக் கதை உள்ள பதினோராம் பலகையின் புகழ்பெற்ற படி கே 3375. "கே" என்பது குயுஞ்ஜிக், நினிவே மேட்டின் பெயர். இதை ஒருவர் புள்ளி வைத்து எழுதுவார், ஒருவர் இடைவெளி விட்டு எழுதுவார், ஒருவர் இரண்டையும் செய்வார். தேடுபொறி மூன்றையும் ஒன்றாக நினைக்கும் என்று நம்பிவிடாமல் மூன்று விதமாகவும் தேட வேண்டும். நடுவில் கூட்டல் குறி இருந்தால் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். இரண்டாவது துண்டின் எண்ணையும் தனியாகத் தேடுங்கள், ஏனென்றால் ஒட்டுவதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரை அந்த எண்ணில்தான் கிடைக்கும்.

பெயர்மாற்றம் அடுத்த தலைவலி. ஜார்ஜ் ஸ்மித் 1872 டிசம்பரில் வெள்ளக் கதையை லண்டனில் அறிவித்தபோது நாயகன் பெயரை "இஸ்துபார்" என்றுதான் வாசித்தார். 1890இல்தான் பிஞ்ச்சஸ் அதைக் கில்காமேஷ் என்று நிறுவினார். எனவே 1870, 80களின் புத்தகங்கள் கில்காமேஷ் என்று தேடினால் கண்ணிலேயே படாது. சரி, இஸ்துபார் என்று தேடுவோம் என்றால் 1884இல் வந்த "இஷ்தார் அண்ட் இஸ்துபார்" இலவச மின்னூலாகக் கையில் வந்து விழும். அது மொழிபெயர்ப்பு அல்ல, பலகைகளை வைத்துக்கொண்டு தாராளமாகக் கற்பனை கலந்து எழுதிய ஆங்கிலச் செய்யுள். அதிலிருந்து மேற்கோள் எடுத்தால் பாபிலோனியக் கவிஞன் பெயரில் விக்டோரியா காலத்துக் கவிஞனை எடுத்ததாகிவிடும்.

சீனத்துக் கவிதைத் தொகை பழைய புத்தகங்களில் "ஷி கிங்", பிறகு "ஷி சிங்", இப்போது "ஷிஜிங்". குறுந்தொகையை ரோமன் எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். கல்விப்புல எழுத்துப்பெயர்ப்பில் எழுத்துக்குக் கீழே கோடு, மேலே கோடு எல்லாம் உண்டு. ஸ்கேன் செய்த பக்கங்களை ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள்) படிக்கும்போது அந்தக் கோடுகள்தான் முதலில் சிதையும், அந்த எழுத்தே வேறு எழுத்தாகிவிடும். ஆகவே முழுச் சொல்லைத் தேடாமல், குறி விழாத நடுத்துண்டை மட்டும் தேடுவது பலன் தரும்.

எண்ணைப் பிடித்துவிட்டால் மட்டும் தப்பித்துவிட முடியாது; அருங்காட்சியக எண் போலல்லாமல், நூலுக்குள் இருக்கும் பாடல், அத்தியாய எண்கள் பதிப்புக்குப் பதிப்பு நகரும். ரிக் வேதத்தின் எட்டாம் மண்டலம் நல்ல உதாரணம். அதில் 49 முதல் 59 வரையான பதினொன்று வாலகில்ய சூக்தங்கள். கிரிஃபித் தன் ஆங்கில மொழிபெயர்ப்பில் அவற்றைத் தூக்கிக் கடைசியில் வைத்துவிட்டார். விளைவு, மற்றவர்களின் 8.60 அவருக்கு 8.49. மொத்தம் 1028 சூக்தம் என்று ஒருவரும் 1017 என்று இன்னொருவரும் எழுதுவதற்கும் இந்தப் பதினொன்றுதான் காரணம். மகாபாரதத்தில் கதை இன்னும் மோசம். கங்குலியின் ஆங்கில மொழிபெயர்ப்பு புனே பண்டார்கர் நிறுவனத்தின் செம்பதிப்புக்கு முந்தையது. செம்பதிப்பு 1966இல்தான் முடிந்தது. பர்வம் பொருந்தும், அத்தியாய எண் பொருந்தாது. சில பகுதிகள் செம்பதிப்பின் மூலத்திலேயே இருக்காது, அடிக்குறிப்பிலோ பின்னிணைப்பிலோ போய் உட்கார்ந்திருக்கும். "மகாபாரதத்தில் இல்லை" என்று எழுதுவதற்கு முன் அங்கேயும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கிரேக்கத் துண்டுகளுக்கு இதற்கென்றே ஒரு வசதி உண்டு. பழைய கிரேக்கப் பெண் கவிஞர் சாப்போவின் 31ஆம் துண்டு 19ஆம் நூற்றாண்டில் பெர்க் பதிப்பில் 2ஆம் எண். நல்ல பதிப்பின் பின்பக்கங்களில் பழைய எண், புது எண் இரண்டையும் எதிரெதிரே போட்ட ஒப்பீட்டு அட்டவணை இருக்கும். பலரும் புரட்டாத பக்கம் அது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து வைத்துக்கொண்டால் பழைய கட்டுரைகள் எல்லாம் திறந்துகொள்ளும். நம் புறநானூற்றிலும் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை; எண் 400 வரை ஓடினாலும் கையில் இருப்பது 398தான்.

இலவச மூலங்களைப் பொறுத்தவரை மொழிக்கு ஒன்று போதும். சுமேரியத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டின் இணையத் தொகுப்பான இடிசிஎஸ்எல், ஏறக்குறைய 400 நூல்கள், மூலமும் மொழிபெயர்ப்பும். 1.8.1.5 என்றால் கில்காமேஷும் ஹுவாவாவும், 4.07.2 என்றால் பூசாரியான என்ஹெதுவானா பெயரில் வழங்கும், இனானா என்ற பெண் தெய்வத்தின் துதி. கட்டுரைகள் பெயரை விட்டுவிட்டு இந்த எண்ணையே சொல்வது உண்டு. அந்தத் திட்டம் 2006இல் நின்றுவிட்டது, எனவே அதன் வாசிப்பை அதன் பிறகு வந்த கட்டுரையோடு ஒப்பிடாமல் எடுக்க வேண்டாம். அக்காடியச் சொல்லில் சந்தேகம் வந்தால் சிகாகோ அசிரிய அகராதி, 21 தொகுதிகளும் இலவசப் பிடிஎஃப். எகிப்தியத்துக்குப் பெர்லினின் தெசாரஸ், சமஸ்கிருதத்துக்குக் கொட்டிங்கனின் கிரெட்டில், சீனத்துக்குச் சைனீஸ் டெக்ஸ்ட் புராஜெக்ட், கிரேக்கத்துக்குப் பெர்சியஸ். சினுஹே என்ற எகிப்தியக் கதையில் வரி எண்ணுக்கு முன் "பி" இருந்தால் பெர்லின் பாப்பிரஸ் 3022, "ஆர்" இருந்தால் 10499; இது தெரியாமல் வரி எண்ணை மட்டும் எடுத்தால் வேறு இடத்தில் போய் நிற்போம்.

மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அட்டைக்கு அடுத்த பக்கத்தை விட்டுவிட்டு முன்னுரையின் கீழே உள்ள தேதியைப் பாருங்கள். மறுபதிப்பில் அச்சான ஆண்டு புதிதாக இருக்கும், உள்ளே இருப்பது நூறு ஆண்டுக்கு முந்தைய வாசிப்பாக இருக்கும். எகிப்தியத்தில் வாலிஸ் பட்ஜ் புத்தகங்கள் இன்னும் கடை நிறைய இருப்பது இப்படித்தான். பிறகு துணைத் தலைப்பு. "வெர்ஷன்" என்று போட்டிருந்தால் மூலமொழியிலிருந்து வந்ததா என்று விசாரிக்க வேண்டும். ஸ்டீபன் மிட்செலின் 2004 கில்காமேஷ் மற்ற மொழிபெயர்ப்புகளை வைத்துச் செய்தது. வாசிக்கச் சுகமான புத்தகம்தான், ஒரு சொல்லை வைத்து வாதம் கட்ட உதவாது.

கில்காமேஷுக்கு ஒரு குறுக்குச் சோதனை இருக்கிறது. ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் 2011இல் வாங்கிய பலகை ஒன்று 2014இல் வெளியானது. அதனால் ஐந்தாம் பலகையில், தேவதாருக் காட்டின் வர்ணனையில், பறவைகளும் குரங்குகளும் இரையும் வரிகள் புதிதாகக் கிடைத்தன. உங்கள் கையில் உள்ள புத்தகத்தில் காடு அமைதியாக இருந்தால் அது 2014க்கு முந்தைய வாசிப்பு. ஆண்ட்ரூ ஜார்ஜின் பெங்குவின் மொழிபெயர்ப்பில்கூட 1999 பதிப்பில் குரங்கு இல்லை, 2020 திருத்தப் பதிப்பில் உண்டு.

நம்பகத்தன்மைக்கு இன்னொரு வழி மதிப்புரை. இரண்டு, மூன்று பக்கந்தான் இருக்கும், ஆனால் எந்த வரி தவறு, எந்தக் கட்டுரையைப் பார்க்காமல் விட்டார் என்று சண்டைக்காரத்தனமாக எழுதியிருப்பார்கள். அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டிய நூற்பட்டியல். கிரேக்க, லத்தீன் நூல்களுக்குப் பிரின் மார் என்ற மதிப்புரை இதழ் 1990 முதல் இலவசம்.

பணம் கட்டாமல் எட்டுவது பற்றி. ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியமான ஜேஸ்டாரில் இலவசக் கணக்கில் மாதம் 100 கட்டுரை வரை இணையத்திலேயே படிக்கலாம், தரவிறக்க முடியாது. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு மணி நேர இரவல் எடுத்தால் முதலில் சொல்லடைவையும் படிகளின் பட்டியலையும் பாருங்கள், வாசிப்பு அப்புறம். பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கால் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் அந்த இரவலிலிருந்து போய்விட்டதால் நேற்று இருந்தது இன்று இல்லாமலும் போகலாம். ஹாத்தி டிரஸ்ட் என்ற மின்னூலகத்தில் புத்தகம் திறக்காவிட்டாலும் உள்ளே தேட விடும். சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று எண் மட்டும் காட்டும். அந்தப் பக்க எண்களை நூலகத்துக்குக் கொடுத்து அந்தப் பக்கங்களை மட்டும் நகல் கேட்டால் முழுப் புத்தகம் கேட்பதைவிட வேலை சீக்கிரம் முடியும்.

புதிதாக வெளிவந்த துண்டு என்றால் அது எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தே தீர வேண்டும். கில்காமேஷின் கனவு கூறும் பலகை ஒன்று 2014இல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, கடத்தல் பொருள் என்று பறிமுதலாகி, 2021இல் ஈராக்குக்குத் திரும்பியது. 2014இல் பரபரப்பான சாப்போ பாப்பிரஸ் எப்படிக் கிடைத்தது என்று விளக்கிய கட்டுரையைப் பதிப்பகம் 2021இல் திரும்பப் பெற்றது. கவிதை வரிகள் இன்னும் பேசப்படுகின்றன. அந்தக் கட்டுரையை ஆதாரமாகக் காட்டினால்தான் சிக்கல். எனவே குறிப்பேட்டில் நான் வைப்பது ஏழு கட்டம்: நூல், படி எண், வரி, பதிப்பும் அதன் ஆண்டும், அந்தப் படி கிடைத்த இடமும் ஆண்டும், பார்த்த தேதி, கடைசியாக "நேரில் பார்த்தது" அல்லது "இன்னார் சொல்லி". கடைசிக் கட்டத்தில் "இன்னார் சொல்லி" என்று இருக்கும் எதையும் கட்டுரைக்குள் விடுவதில்லை.