ஏஜென்ட்டுக்கு எழுதும் நினைவகக் கையேடு

கோத்தகிரிப் பகுதியில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை எடை போட்டு ரசீது தரும் நிரலை நான் பராமரித்து வருகிறேன். சி++ மொழியில் எழுதப்பட்ட அது, நிறுத்தாமல் ஓட வேண்டிய நிரல். இலைவரத்து மிகும் மாதங்களில் அது பிடித்துவைக்கும் நினைவகம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் கணினியே தடுமாறும். தினமும் மாலையில் ஒருமுறை நிறுத்திவிட்டு மீண்டும் இயக்கினால் போதும் என்பது அங்குள்ள கணக்கரின் தீர்வு. அதை மோசமான தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். இருந்தாலும், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைத்து, நிரலின் நினைவகப் பயன்பாட்டைச் சோதிக்கும் வால்கிரிண்ட் என்ற கருவியையும் கொடுத்திருக்கிறேன். ஏஜென்ட் அந்தக் கருவியைச் சரியாகக் கையாள வேண்டும் என்பதற்காக நான் எழுதிய கையேட்டைப் பற்றியது இந்தப் பதிவு.

வால்கிரிண்டின் கட்டளைகளை விளக்குவதில் பயனில்லை. அதன் அதிகாரபூர்வ ஆவணங்கள் பல ஆண்டுகளாக இணையத்தில் கிடைப்பதால், மொழி மாதிரிகளுக்கு அவை அநேகமாக மனப்பாடம். எழுத வேண்டியது, கருவியின் கண்ணுக்கு எது படாது என்பதைத்தான். ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) பயன்பாட்டை அளக்கும், வால்கிரிண்டின் ஒரு பகுதியான மாசிஃப், வழக்கமான அமைப்பில் மாலக், நியூ போன்ற, நினைவகம் கேட்கும் அழைப்புகளின் வழியாகப் பெறும் நினைவகத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எம்மேப் என்ற அழைப்பின் மூலம் நிரல் நேரடியாக இயங்குதளத்திடம் வாங்கும் நினைவகப் பக்கங்கள் அதில் வருவதில்லை. அனுபவமுள்ள பொறியாளர் ஆர்எஸ்எஸ் (நிரல் உண்மையில் பிடித்துவைத்திருக்கும் ரேம் அளவு) ஏறுவதைப் பார்த்து மாசிஃப் வரைபடத்தைச் சந்தேகிப்பார். ஏஜென்ட்டோ, வரைபடம் சமமாக இருப்பதைக் கண்டதும் கசிவு (விடுவிக்க மறந்த நினைவகம்) இல்லை என்று தெளிவான நடையில் அறிக்கை எழுதிவிடும். ஆகவே, மாசிஃப் காட்டும் உச்ச அளவையும் இயங்குதளம் காட்டும் ஆர்எஸ்எஸ் அளவையும் எப்போதும் அருகருகே பதிய வேண்டும், இரண்டும் வெகுவாக விலகினால் அந்தப் பக்கங்களையும் கணக்கில் சேர்க்கும் பேஜஸ்-ஆஸ்-ஹீப் விருப்பத்துடன் மறுபடி ஓட்ட வேண்டும் என்பதைக் கையேட்டின் முதல் பத்தியிலேயே வைத்தேன்.

இதைவிடச் சிக்கலானது இன்னொன்று. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி நூலகமான ஜிலிப்சியின் மாலக், நிரலின் பல இழைகள் (இணையாக ஓடும் பகுதிகள்) ஒரே நேரத்தில் நினைவகம் கேட்கும்போது அரீனா எனப்படும் தனித்தனி நினைவகத் தொகுப்புகளை உருவாக்குகிறது. 64 பிட் கணினியில் அவற்றின் எண்ணிக்கை, இயல்பான வரம்பின்படி, கோர்களைப் போல் 8 மடங்கு வரை போகலாம். நிரல் விடுவித்த நினைவகமும் துண்டுதுண்டாக அந்த அரீனாக்களிலேயே தங்கிவிடுவதால், கசிவு எதுவும் இல்லாமலே ஆர்எஸ்எஸ் ஏறக்கூடும். வால்கிரிண்டின் மாசிஃபும், கசிவைத் தேடும் மெம்செக்கும், வழக்கமான அமைப்பில் ஜிலிப்சியின் மாலக்கை நீக்கிவிட்டுத் தங்களுடையதை வைத்துக்கொள்கின்றன என்பதால், அங்கே அரீனாவும் இல்லை, அதன் துண்டாடலும் இல்லை. அதாவது, நோயைத் தேடும் கருவியே சோதனையின்போது நோயை மறைத்துவிடுகிறது. இந்தச் சந்தேகம் எழும்போது வால்கிரிண்டை ஒதுக்கிவிட்டு, அரீனாக்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் மாலக் அரீனா மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்து நிரலை நேரடியாக ஓட்டி, ஆர்எஸ்எஸ்ஸை ஒப்பிட வேண்டும் என்று எழுதினேன். ஒரு கருவியின் கையேட்டில், அந்தக் கருவியைப் பயன்படுத்தாதே என்று சொல்லும் பத்திதான் மிக முக்கியமானது என்பது என் கருத்து.

எடை மேடையின் திரையில் தெரியும் எண்ணைக் கணக்கர் அப்படியே ரசீதில் ஏற்றுவதில்லை. சாக்கின் எடையையும், மழைநாளாக இருந்தால் இலையில் தங்கிய நீருக்கான அளவையும் கழித்த பிறகே எழுதுவார். நினைவகக் கருவி தரும் எண்ணுக்கும் அப்படிப்பட்ட கழிவுக் கணக்கு உண்டு.

மெம்செக் விஷயத்தில், ஸ்டில் ரீச்சபிள் என்ற பிரிவை எப்படி நடத்துவது என்று கட்டாயம் சொல்ல வேண்டும். நிரல் முடியும்போதும் சுட்டியால் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியால்) எட்டக்கூடியதாக இருந்த நினைவகம் அது, பெரும்பாலும் தீங்கற்றது. தடை விதிக்காவிட்டால், ஏஜென்ட் அந்த எண்ணைப் பூஜ்யமாக்கும் ஆர்வத்தில் நிரலின் கடைசியில் விடுவிப்பு வரிகளை அடுக்கத் தொடங்கும். 100 ரசீதுக்கும் 1,000 ரசீதுக்கும் தனித்தனியே ஓட்டிப் பார், ரசீதோடு சேர்ந்து வளர்ந்தால் மட்டும் ஆராய்ந்து பார், இல்லையென்றால் தொடாதே என்பது என் விதி. லீக்-செக் விருப்பத்தை ஃபுல் என்று வைத்தால்தான் கசிவுகள் பிழைகளாக எண்ணப்படும் என்பதையும், எரர்-எக்ஸிட்கோடு விருப்பத்தைக் கொடுக்காவிட்டால் பிழை இருந்தாலும் நிரலின் சொந்த வெளியேறு குறியீடே (முடியும்போது அது தரும் எண்) திரும்பும் என்பதையும் கூடவே எழுதியிருக்கிறேன். வெளியேறு குறியீடு 0 என்றால் எல்லாம் சரி என்று ஏஜென்ட் நம்பிவிடக் கூடாது.

வெளியீட்டின் நீளத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொன்னேன்: முழு அறிக்கையைக் கோப்பில் சேமி, நினைவகம் உச்சத்தில் இருந்த தருணத்தின் பதிவை மட்டும் படி.

வேகம்தான் எங்கள் நிரலுக்கே உரிய தொல்லை. மெம்செக்கின் கீழ் நிரல் 20 முதல் 30 மடங்கு வரை மெதுவாக ஓடக்கூடும். எடைக்கருவியோ சீரியல் போர்ட் வழியாக எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். தாமதத்தால் தவறிப்போன எண்களைப் பார்த்த ஏஜென்ட், போர்ட்டைப் படிக்கும் பகுதியில் பிழை இருப்பதாக முடிவு செய்து அதைத் திருத்தப் புறப்பட்டது. இப்போது உண்மையான எடைக்கருவிக்குப் பதிலாக, முன்பே பதிந்த எடைக்கோப்பைக் கொடுத்துச் சோதிக்கும்படி கையேடு சொல்கிறது. திருத்தம் செய்த பிறகு, அதே கோப்பை வால்கிரிண்ட் இல்லாமல் இரவு முழுவதும் திரும்பத் திரும்ப ஓட்டி, ஆர்எஸ்எஸ் ஏறாமல் நிற்பதைக் காட்டும் வரை, கசிவு சரிசெய்யப்பட்டது என்று அறிக்கையில் எழுத ஏஜென்ட்டுக்கு அனுமதி இல்லை.